வணிகப் பட்டப்படிப்பில் நிதிப் பாடம்: செட்டிநாட்டு மாணவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதிப் பக்கம் பி.காம். அல்லது பி.பி.ஏ. சேர்ந்து நிதியைச் சிறப்புப் பாடமாக எடுக்க நினைப்பவர்களுக்கு இந்த வழிகாட்டி. இந்தப் படிப்பில் தடுமாறுபவர்கள் பெரும்பாலும் வரிசையை மாற்றிப் படித்தவர்கள். பேரேடு கைக்கு வருமுன் பங்குச் சந்தை வீடியோ பார்க்கிறார்கள். வட்டி புரியுமுன் என்.பி.வி. (நிகர இன்றைய மதிப்பு) சூத்திரத்தை மனப்பாடம் செய்கிறார்கள். முதலில் பதிவு, அடுத்து வட்டி, அதன்பின் அடக்கவிலை, கடைசியில் முதலீட்டு முடிவு என்ற வரிசையில் போனால் மூன்று ஆண்டும் ஓரளவு சீராகப் போகும்.

1. சேருவதற்கு முன்: பெயரைப் பார்க்காதீர்கள், தாள்களை எண்ணுங்கள்

சிவகங்கை மாவட்டக் கல்லூரிகள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தோடு இணைந்தவை. புதுக்கோட்டை மாவட்டத்துக்குள் வரும் செட்டிநாட்டு ஊர்களின் கல்லூரிகள் திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் கீழ் வரும். பக்கத்துப் பக்கத்து ஊர்தான், ஆனால் பாடத்திட்டம் வேறு, வினாத்தாளும் வேறு. தன்னாட்சிக் கல்லூரி என்றால் அதற்கும் தனிப் பாடத்திட்டம் இருக்கும். பக்கத்து ஊர் அக்கா கொடுத்த நோட்டை அப்படியே நம்பிப் படித்து, தேர்வறையில் வேறு அலகைப் பார்த்து விழிப்பது ஆண்டுதோறும் நடக்கிறது.

சேரப்போகும் படிப்பின் ஆறு செமஸ்டர் பாடத்திட்டத்தைப் பல்கலைக்கழகத் தளத்திலிருந்து இறக்கி அச்செடுங்கள். நிதி மேலாண்மை, நிறுமக் கணக்கியல், அடக்கவிலைக் கணக்கியல், மேலாண்மைக் கணக்கியல், வருமான வரி, ஜி.எஸ்.டி., வங்கியியல், முதலீட்டு மேலாண்மை, நிதிச் சேவைகள் ஆகியவற்றில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணுங்கள். பி.காம்.மில் கணக்குத் தாள்கள் அதிகம். பி.பி.ஏ.வில் மனிதவளம், சந்தைப்படுத்தல், நிர்வாகம் எல்லாம் இடம்பிடிப்பதால் நிதித் தாள்கள் பல இடங்களில் மூன்றாம் ஆண்டு விருப்பப் பாடமாகத்தான் வரும். விளம்பரத்தில் 'ஃபைனான்ஸ்' என்று போட்டிருந்தாலும் அந்த விருப்பப் பாடத்தை நடத்த ஆசிரியர் இருக்கிறாரா, கடந்த ஆண்டு நடத்தினார்களா என்று துறையிலேயே கேளுங்கள். கேட்பதில் தவறில்லை. 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) ஒப்புதலின் கீழ் வந்துவிட்டது, பி.பி.ஏ. சேருபவர்கள் கல்லூரிக்கு அந்த ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் கருத்து: சி.ஏ., சி.எம்.ஏ., வரி, தணிக்கைப் பக்கம் போக நினைப்பவர்கள் பி.காம். எடுங்கள். எம்.பி.ஏ. போகத் தீர்மானித்தவர்களுக்கும் குடும்ப வியாபாரத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கும் பி.பி.ஏ. போதும்.

2. கல்லூரி திறக்குமுன் கையில் இருக்க வேண்டியவை

அரசு கலைக் கல்லூரிகளுக்கு விண்ணப்பம் இணையவழியில்தான். பிளஸ் டூ முடிவு வரும் முன்பே சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றுகளை இ-சேவை மையத்தில் வாங்கி வையுங்கள். ஜூன் மாதம் எல்லோரும் ஒரே நேரத்தில் போய் நிற்பதால் தாமதமாகிறது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் ₹1,000 கிடைக்கும். வங்கிக் கணக்கில் ஆதார் இணைந்திருக்க வேண்டும். பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் பணம் வருவது சிக்கலாகலாம், இப்போதே சரிபாருங்கள்.

அடுத்தது புத்தகம். பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப்பதிவியல் புத்தகங்களைத் தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் வாங்குங்கள். தமிழ்நாடு பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அறிவியல் பிரிவிலிருந்து வருபவர் கோடை விடுமுறையில் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தைக் குறிப்பேட்டிலிருந்து சரிக்கட்டுதல்களோடு கூடிய இறுதிக் கணக்கு வரை போட்டு முடிக்க வேண்டும். கல்லூரியில் முதல் அலகு அங்கேதான் ஆரம்பிக்கும். வகுப்பு உங்களுக்காக நிற்காது.

தமிழ்வழியில் படித்தவர்களுக்கு இரட்டைப் புத்தகம் இன்னொரு வகையிலும் உதவும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு நோட்டில் இரு பத்தி போடுங்கள்: இருப்பாய்வு ஒரு பக்கம், டிரையல் பேலன்ஸ் மறுபக்கம், கடனீந்தோர் இங்கே, கிரெடிட்டர்ஸ் அங்கே. 200 சொற்கள் சேர்ந்தால் கல்லூரிப் புத்தகத்தின் ஆங்கிலம் பயமுறுத்தாது. இந்த நோட்டைப் போடாதவர்கள் கணக்கு தெரிந்தும் கேள்வி புரியாமல் மதிப்பெண்ணைக் கோட்டை விடுகிறார்கள்.

கால்குலேட்டர் 12 இலக்கம் உள்ளதாக, ஜி.டி. (வந்த விடைகளையெல்லாம் கூட்டித் தருவது) பொத்தானும் எம் பிளஸ் (நினைவகத்தில் சேர்ப்பது) பொத்தானும் உள்ளதாக வாங்குங்கள். அதன் பயன் நான்காம் பகுதியில் வருகிறது.

3. முதல் செமஸ்டர்: பதிவு கைக்கு வர வேண்டும்

வணிகவியல் பிரிவில் படித்து வந்தவர்கள் 'இதெல்லாம் தெரிந்ததுதானே' என்று முதல் செமஸ்டரை விட்டுவிடுகிறார்கள். பள்ளியில் மூன்று சரிக்கட்டுதல் வந்த இடத்தில் இங்கே எட்டு வரும். விடை தெரிந்தால் போதாது, வேகமும் வேண்டும்.

தினம் ஒரு முழு இறுதிக் கணக்கு, 40 நிமிடத்துக்குள். விடையைப் பார்த்து எழுதாதீர்கள்; இருப்புநிலைக் குறிப்பு (பேலன்ஸ் ஷீட்) சரியாகாவிட்டால் வித்தியாசத் தொகையை வைத்து நீங்களே தேடுங்கள். தேடும்போதுதான் எந்தப் பதிவு எங்கே போகிறது என்பது மனதில் தங்கும். வித்தியாசத்தைப் பாதியாக்கிப் பாருங்கள்: அந்தத் தொகை கணக்கில் எங்காவது இருந்தால் பற்றில் எழுத வேண்டியதை வரவில் எழுதியிருப்பீர்கள். வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் 540-ஐ 450 என்று இலக்கம் மாற்றி எழுதியிருக்க வாய்ப்பு அதிகம்.

அடிக்கடி வழுக்கும் இடங்கள் மூன்று.

ஒன்று, இருப்பாய்வுக்குள்ளேயே கொடுபட வேண்டிய வாடகை இருந்தால் அது இருப்புநிலைக் குறிப்பில் மட்டும் வரும். இருப்பாய்வுக்கு வெளியே, சரிக்கட்டுதலாகக் கொடுத்திருந்தால் இரண்டு இடத்தில் வரும். உள்ளே இருப்பதற்கு இரட்டைப் பதிவு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்பதே காரணம். இதைப் புரிந்துகொண்டால் எட்டு சரிக்கட்டுதலுக்கும் இதே விதிதான்.

இரண்டு, வாரா ஐயக்கடன் ஒதுக்கு. பற்பல கடனாளிகள் ₹80,000. மேலும் வாராக்கடன் ₹2,000. ஒதுக்கு 5 சதவீதம். ₹80,000-க்கு ₹4,000 என்று போட்டால் தவறு. வராது என்று முடிவாகிவிட்ட ₹2,000-ஐக் கழித்த பிறகு மீதி ₹78,000-க்குத்தான் சந்தேகம். ஆகவே ஒதுக்கு ₹3,900.

மூன்று, வங்கிச் சரிக்கட்டும் பட்டியல். பணம் கட்டினால் பாஸ் புக்கில் வரவு என்றும், நம் ரொக்க ஏட்டில் வங்கிக் கணக்கில் பற்று என்றும் இருக்கும். பாஸ் புக் வங்கியின் ஏட்டுப் பிரதி, அதில் நாம் கடனீந்தோர். வீட்டில் உள்ள பாஸ் புக்கை எடுத்து ஒரு மாதத்து வரிகளை உங்கள் பக்கத்து ரொக்க ஏடாக மாற்றி எழுதிப் பாருங்கள். அதன்பின் குழப்பம் வராது.

4. வட்டி: நிதிப் பாடத்தின் அடிவாரம்

பாடத்திட்டத்தில் வட்டிக்குத் தனித் தாள் கிடையாது. வணிகக் கணிதத்தில் ஓர் அலகாக வந்து போய்விடும். ஆனால் நிதி மேலாண்மை, பத்திர மதிப்பீடு, குத்தகை, வங்கிக் கடன் எல்லாம் இதன்மேல்தான் நிற்கின்றன. இரண்டாம் செமஸ்டருக்குள் இதை முடித்துவிடுங்கள்.

நம் ஊரில் 'நூற்றுக்கு இரண்டு வட்டி' என்றால் மாதத்துக்கு இரண்டு. அதாவது ஆண்டுக்கு 24 சதவீதம். வட்டியை மாதாமாதம் முதலோடு சேர்த்தால் 26.82 சதவீதம். வீட்டுப் பேச்சில் மாத வட்டி, பாடப்புத்தகத்தில் ஆண்டு வட்டி. இந்த இரண்டையும் கலந்துவிடுவது செட்டிநாட்டு மாணவர்கள் குறிப்பாகச் செய்யும் பிழை. எந்தக் கணக்கிலும் முதல் வரியில் 'இந்த வீதம் எந்தக் காலத்துக்கு?' என்று எழுதிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்தது நிலை வட்டி. ₹1,00,000 கடன், 12 சதவீத நிலை வட்டி, 12 மாதத் தவணை. மொத்தம் ₹1,12,000, மாதம் ₹9,333. முதல் மாதமே அசலில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் வட்டி மட்டும் முழு லட்சத்துக்கும் கடைசி மாதம் வரை ஓடுகிறது. குறையும் நிலுவை முறையில் பார்த்தால் இது ஆண்டுக்கு 21 சதவீதத்துக்கும் மேல். இந்த ஒரு கணக்கை மாதம் மாதமாக அட்டவணை போட்டு ஒருமுறை கையால் செய்து பாருங்கள். ஐ.ஆர்.ஆர்., அதாவது ஒரு கடனிலோ முதலீட்டிலோ உண்மையில் ஒளிந்திருக்கும் வீதம், என்றால் என்ன என்பது அங்கேயே விளங்கிவிடும்.

இனி கால்குலேட்டர். 10 சதவீதத்தில் மூன்று ஆண்டுகளின் தள்ளுபடிக் காரணிகள் (பின்னால் வரும் ஒரு ரூபாயின் இன்றைய மதிப்பு) வேண்டும் என்றால் அட்டவணை தேட வேண்டாம். 1 ÷ 1.1 அடித்து = பொத்தானை மூன்று முறை அழுத்துங்கள். 0.9091, 0.8264, 0.7513 என்று வரிசையாக வரும். பிறகு ஜி.டி. அழுத்தினால் மூன்றின் கூட்டல் 2.4869 வரும், அதுதான் ஆண்டுத்தொகைக் காரணி. சில மாடல்களில் 1.1 ÷ ÷ 1 என்று அடிக்க வேண்டியிருக்கும். வாங்கிய அன்றே சோதித்துக்கொள்ளுங்கள். புதிய கணக்கு தொடங்குமுன் ஜி.டி. நினைவகத்தை அழிக்க மறந்தால் பழைய தொகையும் சேர்ந்துவிடும். விடை கண்டபடி வரும்போது முதலில் இதைப் பாருங்கள்.

5. இரண்டாம் ஆண்டு: அரியர் விழும் தாள்கள்

நிறுமக் கணக்கியல், அடக்கவிலை, புள்ளியியல். அரியர் பெரும்பாலும் இந்த மூன்றில்தான். அரியர் விழுந்தால் அடுத்த செமஸ்டர் தாள்களோடு சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது, அதற்கான படிப்பு நேரம் மற்றதைத் தின்றுவிடுகிறது. ஆகவே இந்த ஆண்டு மட்டும் ஒரு நாளும் விடாமல் கணக்குப் போடுங்கள்.

நிறுமக் கணக்கியலில் பங்கு ஒறுப்பிழப்பும் (அழைப்புப் பணம் கட்டாதவரின் பங்கைப் பறிமுதல் செய்வது) மறுவெளியீடும் முதல் தடை. பங்கை ஒறுப்பிழக்கும்போது பங்கு முதல் கணக்கில் 'அழைக்கப்பட்ட' தொகையைப் பற்று வைக்க வேண்டும். முகமதிப்பை முழுதாகப் பற்று வைத்துவிடுவது பொதுவான பிழை. கடைசி அழைப்பு இன்னும் விடப்படாத பங்கில் இரண்டும் வேறு வேறு.

அடக்கவிலைக்குப் புத்தகத்து 'எக்ஸ் லிமிடெட்'டை விட்டுவிட்டு ஒரு பலகாரப் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். மாவு, எண்ணெய், பாகு எல்லாம் நேரடி மூலப்பொருள். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கும் சமையல்காரர் நேரடிக் கூலி. அடுப்புக்கு வாங்கும் எரிவாயு தொழிற்சாலை மேற்செலவு. மணகோலம் அடைக்கும் பாக்கெட் உற்பத்திச் செலவில் வரும். அந்தப் பாக்கெட்டுகளை அடுக்கி லாரியில் ஏற்றும் அட்டைப்பெட்டி விற்பனை, பகிர்மானச் செலவு. முன்னது இல்லாமல் பண்டத்தை விற்க முடியாது. பின்னது அனுப்புவதற்கு மட்டும். மிஞ்சிய எண்ணெயை விற்ற பணம் கழிவு மதிப்பு, அடக்கத்திலிருந்து கழிக்க வேண்டும். இப்படிப் பெயர் வைத்துப் பழகினால் எந்த அடக்கவிலைப் பட்டியலிலும் எது எந்த வரியில் என்ற சந்தேகம் நிற்காது.

அதே பட்டறையில் லாப நட்டமற்ற புள்ளியும் போடலாம். எடுத்துக்காட்டாக, மாத நிலைச் செலவு ₹60,000, கிலோ விலை ₹300, மாறும் செலவு ₹180 என்றால் கிலோவுக்குப் பங்களிப்பு ₹120. 500 கிலோ விற்றால்தான் கையைக் கடிக்காது. தீபாவளி மாதம் வாடகைக்கு இன்னொரு கூடம் எடுத்தால் நிலைச் செலவு மாறும், புள்ளியும் நகரும். தேர்வில் இதையே வேறு பெயரில் கேட்பார்கள்.

புள்ளியியலில் ஒட்டுறவு (கோரிலேஷன்), தொடர்புப் போக்கு (ரிக்ரஷன்), குறியீட்டு எண் ஆகிய மூன்று அலகுகளை முழுமையாகப் பிடித்தால் தேர்ச்சி உறுதி. தொடர்புப் போக்கில் இரண்டு கெழுக்களுக்கும் ஒரே குறிதான் இருக்கும். ஒன்று மிகை, ஒன்று குறை என்று வந்தால் மேலே போகாமல் திரும்பிப் பாருங்கள்.

6. நிதி மேலாண்மை: முடிவெடுக்கும் தாள்

இங்கே கேள்வி மாறுகிறது. கணக்கியல் நடந்ததைக் கேட்டது. இது இனிச் செய்யலாமா என்று கேட்கிறது.

ஆத்தங்குடியில் ஒரு டைல்ஸ் பட்டறைக்கு ₹5,00,000 செலவில் விரிவாக்கம் என்று வையுங்கள். மூன்று ஆண்டு, ஆண்டுக்கு ₹2,00,000 ரொக்கம் வரும். கூட்டினால் ₹6,00,000, ஒரு லட்சம் மிச்சம். ஆனால் பணத்தின் செலவு 10 சதவீதம் என்றால் 2,00,000 × 2.48685 (நான்காம் பகுதியின் ஆண்டுத்தொகைக் காரணி) = ₹4,97,370 தான் இன்றைய மதிப்பு. நிகர இன்றைய மதிப்பு ₹2,630 குறைவு; செய்யக் கூடாது. 9 சதவீதத்தில் காரணி 2.5313, மதிப்பு ₹5,06,260, அதாவது ₹6,260 கூடுதல். அப்படியானால் ஐ.ஆர்.ஆர். 9-க்கும் 10-க்கும் நடுவே, சுமார் 9.7. கடன் 9.7-க்குக் கீழே கிடைத்தால் செய், மேலே என்றால் விடு. ஒரே எடுத்துக்காட்டில் மூன்று சூத்திரமும் அடங்கிவிடுகின்றன, வேறு வேறாக மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை.

இந்தத் தாளில் மதிப்பெண்ணைத் தின்னும் பிழை, ரொக்க வரத்துக்குப் பதில் லாபத்தைப் போடுவது. தேய்மானம் லாபத்தைக் குறைக்கும், ஆனால் பெட்டியிலிருந்து பணம் போகாது. வரிக்குப் பிந்தைய லாபத்தோடு தேய்மானத்தைத் திரும்பக் கூட்டினால்தான் ரொக்க வரத்து. அடுத்த பிழை மூலதனத்தைத் திரட்ட ஆகும் செலவில் (காஸ்ட் ஆஃப் கேப்பிட்டல்). 10 சதவீதக் கடனுக்கு வரி 25 சதவீதம் என்றால் உண்மைச் செலவு 7.5; வட்டிக்கு வரிச் சலுகை உண்டு. முன்னுரிமைப் பங்கின் லாப ஈவுக்கு அந்தச் சலுகை கிடையாது. அதிலும் வரியைக் கழித்துவிடுகிறார்கள்.

நடைமுறை மூலதனத்தை (அன்றாடம் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணம்) இன்னும் நிதானமாகப் படியுங்கள். சிறு தொழில் நொடிப்பது பெரும்பாலும் நட்டத்தால் அல்லாமல் கையில் பணத் தட்டுப்பாட்டால்தான். அதே டைல்ஸ் பட்டறையில் சிமென்ட்டும் நிறமும் 20 நாள் இருப்பில், வார்த்துத் தண்ணீரில் ஊறிக் காய்ந்து வர 12 நாள், அடுக்கி வைத்த சரக்கு 18 நாள், கட்டட ஒப்பந்தக்காரரிடமிருந்து பணம் வர 40 நாள் என்று கொள்வோம். கூட்டினால் 90 நாள். சிமென்ட் கடைக்காரர் 30 நாள் கடன் தருகிறார். மீதி 60 நாளைச் சொந்தப் பணத்தால் ஓட்ட வேண்டும். ஆண்டு ரொக்கச் செலவு ₹36,50,000 என்றால் நாளுக்கு ₹10,000. தேவைப்படும் பணம் ₹6,00,000. ஒப்பந்தக்காரர் பத்து நாள் இழுத்தடித்தால் இன்னும் ஒரு லட்சம் வேண்டும். தேய்மானத்தை இந்த ரொக்கச் செலவில் சேர்த்துவிடாதீர்கள்.

7. ஆண்டறிக்கை: மூன்றை எடுத்து வரிவரியாகப் படியுங்கள்

நான்காம் செமஸ்டர் விடுமுறையில் செய்ய வேண்டிய வேலை இது. பாடத்திட்டம் கேட்காது, வேலை கொடுப்பவர் கேட்பார். மூன்று வகை நிறுவனம் வேண்டும். வங்கிக்கு, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்றிலும் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி. வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்கு, பள்ளத்தூர்க் குடும்பத்தாரின் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்த சோழமண்டலம் இன்வெஸ்ட்மென்ட். உற்பத்திக்கு, அதே குழுமத்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ். மூன்றும் பட்டியலிடப்பட்டவை. அறிக்கைகள் அவற்றின் தளங்களிலும் பங்குச் சந்தைத் தளங்களிலும் இலவசம்.

மூன்றின் இருப்புநிலைக் குறிப்பையும் பக்கத்தில் வையுங்கள். வங்கியினுடையது 1949 வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி. மற்ற இரண்டும் 2013 நிறுமச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணைப்படி, அதிலும் வேறு வேறு பிரிவு. வங்கிக்கு வைப்பு பொறுப்பு, கொடுத்த கடன் சொத்து. அங்கே நடப்பு விகிதம் (நடப்புச் சொத்துக்கும் நடப்புப் பொறுப்புக்கும் உள்ள விகிதம்) கணக்கிட்டு '2:1 இல்லை, நிலைமை மோசம்' என்று எழுதுவது பொருளற்றது. வங்கிக்கு மொத்த வாராக்கடன், நிகர வாராக்கடன், மூலதனப் போதுமை (கொடுத்த கடனின் ஆபத்துக்கு ஏற்ப வைத்திருக்கும் மூலதன விகிதம்) ஆகியவற்றைப் பாருங்கள். 90 நாளுக்கு மேல் தவணை நிலுவையானால் கடன் வாராக்கடனாகும். ரிசர்வ் வங்கி விதிப்படி மூலதனப் போதுமை வங்கிக்குக் குறைந்தது 9 சதவீதம், வங்கியல்லாத நிதி நிறுவனத்துக்கு 15.

படிக்கும் வரிசை: முதல் பக்கங்களின் வண்ணப்படங்களைத் தாண்டுங்கள். தணிக்கையாளர் அறிக்கையில் ஆட்சேபம் ஏதும் இருக்கிறதா, எவற்றை முக்கியத் தணிக்கை விஷயம் என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து ரொக்க ஓட்ட அறிக்கை, அதன்பின் லாப நட்டம், கடைசியில் இருப்புநிலைக் குறிப்பு. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் உள்ள குறிப்பு எண்ணைத் திருப்பிப் பாருங்கள். விஷயம் அங்கேதான் இருக்கும். வளரும் நிதி நிறுவனத்தில் செயல்பாட்டு ரொக்க ஓட்டம் குறை எண்ணாக இருக்கும், பதறாதீர்கள். புதிதாகக் கொடுக்கும் கடன் அங்கே செயல்பாட்டில் வெளியேறும் ரொக்கமாகவே காட்டப்படுகிறது. டியூப் கம்பெனியில் அதே குறை எண் வந்தால் காரணம் தேட வேண்டும்.

தனி நிறுவனக் கணக்கு, ஒருங்கிணைந்த கணக்கு என்று ஒவ்வோர் அறிக்கையிலும் இரண்டு இருக்கும். ஒன்றைத் தேர்ந்து கடைசி வரை அதிலேயே நில்லுங்கள். தொகை கோடியிலா லட்சத்திலா என்பது தலைப்பின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். இதைக் கவனிக்காமல் இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டால் நூறு மடங்கு பிழை.

8. வரித் தாள்கள்: பழைய புத்தகம் வாங்காதீர்கள்

மற்ற தாள்களுக்குச் சீனியரின் புத்தகம் போதும். வரிக்குப் போதாது. 2025 வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் 1961 சட்டத்தின் இடத்துக்கு வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறின, முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைக்குப் பதில் வரி ஆண்டு என்ற ஒன்றே. ஜி.எஸ்.டி.யிலும் 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான பொருள்கள் 5, 18 என்ற இரு வீதங்களுக்குள் வந்தன. 12, 28 என்று போட்ட எடுத்துக்காட்டுகள் பழையவை. உங்கள் தேர்வு எந்தச் சட்டத்தை, எந்த ஆண்டை ஒட்டி நடக்கும் என்பதைச் செமஸ்டர் தொடங்கும்போதே ஆசிரியரிடம் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவையுங்கள். பாடத்திட்டம் மாறச் சற்று தாமதமாகலாம். வேலைக்குப் போகும் இடத்தில் புதிய சட்டம்தான்.

9. எக்செல், டேலி

டேலி (கணக்கு எழுதும் மென்பொருள்) வகுப்புக்கு முதல் ஆண்டே பணம் கட்ட வேண்டாம். பதிவு தெரிந்தவருக்கு அது சில வாரத்து வேலை. தெரியாதவருக்கு எத்தனை மாதம் போனாலும் பொத்தான் அழுத்தும் பழக்கம்தான் மிஞ்சும். எக்செலை முதலில் பிடியுங்கள். நான்காம் பகுதியின் தவணை அட்டவணையும் ஆறாம் பகுதியின் பட்டறைக் கணக்கும் நல்ல பயிற்சி.

எக்செலின் என்.பி.வி. பார்முலா முதல் தொகை ஓராண்டு கழித்து வருவதாக எடுத்துக்கொள்கிறது. இன்று போடும் ₹5,00,000-ஐயும் உள்ளே கொடுத்தால் −2,630 வர வேண்டிய இடத்தில் −2,391 வரும். முதலீட்டை வெளியே வைத்து, வரவுகளை மட்டும் பார்முலாவுக்குள் கொடுத்து, பிறகு கழியுங்கள்.

10. தேர்வு எழுதும் முறை

அகமதிப்பீடு 25, வெளித்தேர்வு 75 என்ற அமைப்பில் வெளித்தேர்வுக்குத் தனியாகவும் குறைந்தபட்சம் எடுக்க வேண்டும். அகமதிப்பீடு நிறைய இருக்கிறது என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள்.

கணக்குத் தாளில் இறுதி விடை தவறினாலும் படிகளுக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே துணைக்கணக்குகளை ஓரத்தில் பென்சிலில் போடாமல், 'குறிப்பு 1' என்று தலைப்பிட்டுப் பேனாவால் விடைக்குக் கீழே எழுதுங்கள். இருப்புநிலைக் குறிப்பு சரியாகவில்லை என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் தேடாதீர்கள், வித்தியாசத்தை அப்படியே விட்டு அடுத்த கேள்விக்குப் போங்கள். ஒரு கணக்கைச் சரிசெய்யப் போய் இரண்டு கேள்வியை எழுதாமல் வருவதுதான் பலரைத் தோற்கடிக்கிறது.

11. புராஜெக்ட்: கையில் கிடைக்கும் கணக்கை எடுங்கள்

பெரிய நிறுவனத்தின் ஐந்தாண்டு விகிதங்களை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டும் புராஜெக்ட் எதையும் கற்றுத்தராது. ஐம்பது பேரிடம் படிவம் நிரப்பி வாங்கும் 'வாடிக்கையாளர் திருப்தி' ஆய்வு அதைவிட மோசம், நிதிக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. டைல்ஸ் பட்டறையின் நடைமுறை மூலதனம், பலகாரக் கடையின் அடக்கவிலை, கண்டாங்கிச் சேலைக் கூட்டுறவுச் சங்கத்தின் சரக்கிருப்பு, பழைய வீட்டை விடுதியாக்கியவரின் முதலீடு திரும்பி வரும் காலம் என்று நம் ஊரிலேயே விஷயம் இருக்கிறது.

முதலாளிகள் கணக்கைக் காட்டத் தயங்குவார்கள். அது நியாயமான தயக்கம். துறைத் தலைவரின் கடிதத்தோடு, தெரிந்தவர் ஒருவர் மூலமாகப் போங்கள். ஐயா, அம்மா என்று மரியாதையாகக் கேட்டு, 'தொகையைப் போட மாட்டேன், முதல் மாதத்தை 100 என்று வைத்து மற்றதை விகிதமாகத்தான் காட்டுவேன். கடையின் பெயரும் வராது' என்று எழுதிக் கொடுங்கள். முழு ஏடும் வேண்டாம். 12 மாதக் கொள்முதல், விற்பனை, வரவேண்டிய பாக்கி, கொடுக்க வேண்டிய பாக்கி ஆகியவற்றின் மாதக் கடைசித் தொகைகள் போதும். ஏப்ரலில் சமர்ப்பிக்க வேண்டும் என்றால் டிசம்பருக்குள் கணக்கு கையில் இருக்க வேண்டும். பொங்கலுக்குப் பிறகு கேட்டால் மார்ச் முடிவு நெருக்கடி, யாரும் உட்கார்ந்து பேச மாட்டார்கள்.

ஆடிட்டர் அலுவலகத்தில் பயிற்சி கேட்பதானால் மே, ஜூனில் கேளுங்கள். ஜூலை முதல் வருமான வரி வேலை குவியும். ஜி.எஸ்.டி. விற்பனைப் படிவத்துக்கு மாதம் 11-ஆம் தேதி, வரி கட்டும் படிவத்துக்கு 20-ஆம் தேதி கடைசி நாள் என்பதால் அந்தத் தேதிகளை ஒட்டிப் போய் நிற்காதீர்கள்.

12. பட்டத்தோடு சேர்த்து எதை எப்போது

சி.ஏ. இரு வழி. பிளஸ் டூ முடித்ததும் ஃபவுண்டேஷன் எழுதலாம். அல்லது வணிகப் பட்டத்தில் 55 சதவீதம் எடுத்தால் நேரடியாக இன்டர்மீடியட். பி.பி.ஏ. படிப்பவர்கள் தங்கள் தாள்கள் அந்த வணிகப் பட்ட நிபந்தனைக்குள் வருகின்றனவா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் 60 சதவீதம் தேவை. 2023-இல் வந்த புதிய திட்டத்தில் பயிற்சிக் காலம் 2 ஆண்டு. பயிற்சி முழுநேர வேலை என்பதால் அதையும் கல்லூரி வகுப்பையும் ஒரே நேரத்தில் ஓட்டப் பார்க்காதீர்கள். இரண்டிலும் வருகைப்பதிவு குறையும். ஃபவுண்டேஷன் எழுதுவதானால் முதல் ஆண்டிலேயே முடியுங்கள், பாடம் பிளஸ் டூவோடு ஒட்டியிருக்கும்.

என்.ஐ.எஸ்.எம். (செபி அமைத்த பங்குச் சந்தைக் கல்வி நிறுவனம்) தேர்வுகளில் மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தர் சான்றிதழ் ஐந்தாம் செமஸ்டருக்கு ஏற்றது. 100 மதிப்பெண், 2 மணி நேரம், 50 எடுத்தால் தேர்ச்சி, தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது, செல்லுபடி 3 ஆண்டு. முதல் ஆண்டே எடுத்தால் பட்டம் வாங்கும்போது காலாவதியாகும் நிலைக்கு வந்துவிடும்.

வங்கித் தேர்வு தனி உலகம். பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்க ஐ.பி.பி.எஸ். நடத்தும் எழுத்தர், பி.ஓ. தேர்வுகளுக்கு எந்தப் பட்டமும் தகுதி; முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலம், கணிதத் திறன், பகுத்தறிவுதான் வரும், கணக்கியல் வராது. நிதி படித்ததால் எளிது என்று நினைத்து இறுதி ஆண்டு முடிந்தபின் தொடங்குபவர்கள் ஓராண்டை இழக்கிறார்கள். நான்காம் செமஸ்டரிலிருந்து தினம் ஒரு மணி நேரம் அதற்கு ஒதுக்குங்கள். அறிவிப்பில் குறிப்பிட்ட தேதிக்குள் பட்டத் தேர்வு முடிவு வெளியாகியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும். ஓர் அரியர் நிலுவையில் இருந்தாலும் அந்த ஆண்டு விண்ணப்பிக்க முடியாது. ஆகவே ஐந்தாம் செமஸ்டர் முடிவு வந்ததும் பாக்கித் தாள்களுக்கு உடனே கட்டணம் கட்டி, ஆறாம் செமஸ்டர் தேர்வோடு சேர்த்து எழுதி முடித்துவிடுங்கள்.